எத்தனை டன் என்று கேட்கும் முன்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

குளிர்சாதனம் வாங்கக் கடைக்குப் போகிறவரிடம் விற்பனையாளர் முதலில் கேட்பது அறையின் நீள அகலத்தைத்தான். 120 சதுர அடி வரை ஒரு டன், அதற்கு மேல் 180 வரை ஒன்றரை டன் என்பது கடைக் கணக்கு. அந்தக் கணக்கு முற்றிலும் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அறைக்குள் வெப்பத்தைக் கொண்டுவருவது தரையின் பரப்பு அன்று. கூரையும் மேற்குச் சுவரும் சன்னலும் அந்த வேலையைச் செய்கின்றன. ஆகையால் எதை வாங்குவது என்ற கேள்வியைக் கடையில் தொடங்காமல் வீட்டில் தொடங்க வேண்டும் என்பதே நான் இன்று சொல்ல வந்தது.

அமெரிக்காவில் மிகப் பல தனி வீடுகளில், ஓரிடத்தில் குளிர்விக்கப்பட்ட காற்று டக்ட் எனப்படும் காற்றுக்குழாய்கள் வழியாக எல்லா அறைகளுக்கும் போகிறது. தமிழ்நாட்டு வீடுகளில் அந்த அமைப்பு பொதுவாகக் கிடையாது. புது வீடு கட்டுகிற சிலர் இதை ஒரு குறையாக எண்ணி, பொய்க்கூரை அமைத்துக் குழாய் ஓட்டலாமா என்று கேட்கிறார்கள். வேண்டியதில்லை என்பது என் கருத்து. இரவில் குடும்பம் உறங்கும் ஒரே அறைக்காக, ஆளில்லாத கூடத்தையும் சேர்த்துக் குளிர்விப்பானேன்? வெயில் காய்ந்த தளத்துக்கு அடியில் செல்லும் குழாயில் வழியிலேயே வீணாகும் குளிருக்கும் நாம்தானே மின்கட்டணம் கட்ட வேண்டும்.

டன் என்பது இயந்திரத்தின் எடையைக் குறிப்பதன்று. ஓர் அமெரிக்க டன், அதாவது ஏறத்தாழ 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அந்த வேகத்தில் வெப்பத்தை வெளியேற்றும் திறனே ஒரு டன். நம் அலகில் சுமார் 3.5 கிலோவாட். சென்னையில் ஒரே அடுக்ககத்தில், ஒரே அளவுள்ள இரண்டு படுக்கையறைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று நடு மாடியில், கிழக்கு பார்த்தது. மற்றொன்று மொட்டை மாடிக்கு நேர் கீழே, மேற்குச் சுவருடன் இருக்கிறது. முதல் அறைக்கு ஒரு டன் தாராளமாகப் போதும். இரண்டாவது அறையிலோ பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளம் நள்ளிரவு வரை வெப்பத்தை உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். அங்கே ஒன்றரை டன்னும் திணறலாம். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டு மேலே தட்டோடு பதித்த பழைய தளங்கள் இந்த வெப்பத்தைப் பெருமளவு தாமதப்படுத்தின. இன்று வெறும் கான்கிரீட்டோடு நிறுத்திவிட்ட வீட்டுக்காரர், பெரிய இயந்திரம் வாங்குவதற்கு முன் மாடியில் வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சோ வெள்ளை ஓடோ போட்டுப் பார்க்கலாம். மேற்குச் சன்னலுக்கு வெளியே ஒரு மறைப்புக் கட்டினால், உள்ளே தொங்கும் கனத்த திரையைவிட அது அதிகப் பயன் தரும். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெப்பத்தைத் திரையால் திருப்பி அனுப்ப முடியாது.

சந்தேகத்துக்குப் பெரிதாகவே வாங்கிவிடுவோம் என்று சொல்பவர்கள் உண்டு. கடற்கரை ஊர்களில் இது பெருந்தவறு. இங்கே நம்மை வாட்டுவது வெப்பநிலை மட்டுமன்று. காற்றில் நிறைந்திருக்கும் ஈரமும்தான். ஒரு லிட்டர் நீராகும் அளவு நீராவியை ஒரு மணி நேரத்தில் குளிரவைத்து வடிகுழாய் வழியே வெளியேற்றுவதற்கு மட்டும் சுமார் 0.7 கிலோவாட் குளிர்விப்புத் திறன் செலவாகும். ஒன்றரை டன் இயந்திரத்தின் மொத்தத் திறனே 5.3 கிலோவாட் அளவுதான். இந்த ஈரத்தை எடுக்க இயந்திரம் தொடர்ந்து ஓட வேண்டும். அளவுக்கு மீறிய இயந்திரம் காற்றைச் சட்டென்று குளிர்வித்து நின்றுவிடும், ஈரம் அறையிலேயே தங்கும், உடல் பிசுபிசுக்கும், வீட்டார் வெப்பநிலையை இன்னும் குறைத்து வைப்பார்கள், மின்கட்டணமும் ஏறும். கம்ப்ரசரின் வேகத்தைத் தேவைக்கேற்பக் குறைத்து நெடுநேரம் ஓடும் இன்வெர்ட்டர் வகை இந்தத் தொல்லையைப் பெரிதும் குறைக்கிறது. ஆனால் அதற்கும் ஒரு கீழ் எல்லை உண்டு. இன்வெர்ட்டர் என்பதற்காகச் சிறிய அறையில் இரண்டு டன் மாட்டிவிடக் கூடாது.

இனி வகைகளைப் பார்ப்போம். சொந்த வீட்டுக்காரருக்கு ஸ்பிளிட் ஏசிதான் பெரும்பாலும் பொருந்தும். கம்ப்ரசர் வெளியே இருப்பதால் உறங்கும் அறையில் இரைச்சல் குறைவு. அடிக்கடி வீடு மாறும் வாடகைக்காரருக்கு நான் விண்டோ ஏசியைத்தான் சொல்வேன், வீட்டு உரிமையாளர் இடம் தந்தால். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் செம்புக் குழாயைக் கழற்றி மாட்டுவதும், இணைப்பு சரியாக அமையாமல் கேஸ் கசிவதும், மீண்டும் நிரப்புவதுமான செலவு அதில் இல்லை. ஒரே வெளிப்பெட்டியுடன் பல அறைகளை இணைக்கும் மல்டி ஸ்பிளிட், வெளியே பெட்டி வைக்க இடமே இல்லாத அடுக்ககங்களுக்கு உதவும். அந்த ஒரு பெட்டி பழுதானால் எல்லா அறைகளும் புழுங்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஒற்றைக் குழாயோடு வரும் நகர்த்தும் ஏசியை நான் பரிந்துரைப்பதில்லை. அது அறைக் காற்றையே வெளியே தள்ளுவதால், அந்த இடத்தை நிரப்ப வெளியிலிருக்கும் சூடான காற்று கதவிடுக்கு வழியாக உள்ளே நுழைந்துகொண்டே இருக்கும். ஏர் கூலர் வேலூர் போன்ற உள்மாவட்டங்களின் வறண்ட கோடையில் பலன் தரும். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ அது ஈரத்தைத்தான் கூட்டும்.

நட்சத்திரக் குறியீட்டைப் பற்றி ஒரு சொல். இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் மின்சிக்கனச் சீட்டில் நட்சத்திரங்களை மட்டும் எண்ணாமல், ஐ.எஸ்.இ.இ.ஆர். என்ற எண்ணைப் பாருங்கள். ஓராண்டில் செலவாகும் மின்சாரத்தைப் போல் எத்தனை மடங்கு வெப்பத்தை இயந்திரம் வெளியேற்றுகிறது என்பதே அந்த எண். ஸ்பிளிட் வகையில் 4.5 என்ற மதிப்புக்கே கிடைத்துவந்த ஐந்து நட்சத்திரம், 2022 ஜூலையிலிருந்து 5 இருந்தால்தான் என்று உயர்த்தப்பட்டது. அட்டவணை அவ்வப்போது இறுக்கப்படுவதால், பழைய இருப்பில் உள்ள ஐந்தும் புதிய ஐந்தும் ஒன்றல்ல. சீட்டில் அச்சிட்டிருக்கும் ஆண்டு மின்செலவு 1600 மணி நேரத்துக்கான கணக்கு. ஆண்டில் எட்டு மாதம் இரவுதோறும் எட்டு மணி நேரம் ஓட்டும் வீட்டில் அது 1900 மணியைத் தாண்டும். அங்கே ஐந்து நட்சத்திரத்துக்குக் கொடுக்கும் கூடுதல் விலை திரும்பி வரும், அதுவும் நம் இரு மாதக் கணக்கில் பயன்பாடு ஏற ஏற யூனிட் விலையும் ஏறுவதால் விரைவாகவே வரும். விருந்தினர் வந்தால் மட்டும் திறக்கும் அறைக்கு மூன்று நட்சத்திரமே நிறைவு.

வெளிப்பெட்டிக்கு மூச்சுவிட இடம் வேண்டும். அழகுக்காகச் சுற்றிலும் அடைத்த பால்கனி மூலையில் அதை வைத்தால், தான் வெளியேற்றிய சூட்டையே அது மீண்டும் இழுக்கும். பழுதுபார்ப்பவர் கயிறு கட்டித் தொங்காமல் எட்டும் இடமாகவும் அது இருக்கட்டும். இந்த ஒரு விஷயத்தில் நம் அடுக்ககங்கள் தொழிலாளரின் உயிரை மிக மலிவாக எண்ணுகின்றன. கடலோர வீடுகளுக்கு அரிப்புத் தடுப்புப் பூச்சுள்ள செம்புச் சுருள் தேவை. கழிவுநீர் தேங்கும் கால்வாயின் அருகே குடியிருப்பவர்கள், அங்கு எழும் ஹைட்ரஜன் சல்பைடு செம்பையும் அரிக்கும் என்பதால், சுருளுக்கான உத்தரவாதத்தை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

மாட்டும் நாளில் உடன் நில்லுங்கள். மின்னோட்டம் மிகும்போது தானே துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்சு தனியாக ஒன்று, சரியான நில இணைப்பு, 16 ஆம்பியர் பிளக் ஆகியவை முன்னதாகவே தயாராக இருக்க வேண்டும். குழாய்களை இணைத்தபின் உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் வேக்குவம் பம்பு வைத்து இழுத்தாக வேண்டும். சிறிது கேஸைத் திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளிவிடும் குறுக்குவழியை அனுமதிக்காதீர்கள். அதனால் குழாயில் தங்கும் ஈரம் கம்ப்ரசரின் ஆயுளைக் குறைக்கும். இப்போது ஏசிகளில் குளிர்விக்கப் பரவலாகப் பயன்படும் ஆர்-32 வாயு ஓரளவு தீப்பற்றக் கூடியது. மேலும் அது கரியமில வாயுவைவிட 675 மடங்கு புவியைச் சூடாக்க வல்லது. வடிகுழாய் சரிவாக இறங்குகிறதா என்று ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு பணத்தைக் கொடுங்கள்.

வணக்கம்.