பேர் மட்டும் இருக்கட்டும்

(ஊத்தங்கரையில் படைவீரர் குடும்பங்களின் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் சுபேதார் ஐயா அவர்களே, கார் இருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்து நம்மோடு பஸ்ஸில் வந்த கர்னல் ஐயா அவர்களே, ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, மண்டபத்துக்கு வாடகை வேண்டாம் என்று சொன்ன அண்ணன் அவர்களே, வணக்கம். வரவேற்புரையில் விட்டுப்போன மின்வாரிய நண்பர்களுக்கும் வணக்கம். நான் முடிக்கும்வரை கரண்ட் இருக்க வேண்டும் அல்லவா!

போருக்குப் போய்க் காணாமல் போன நம் வீரர்களைப் பற்றி, சட்டம் என்ன சொல்கிறது, அரசு என்ன செய்தது, நாம் என்ன செய்யலாம் என்று மூன்று விஷயம் பேச வந்தேன்.

பாகிஸ்தானோடு நடந்த 1971 டிசம்பர் போர் இரண்டு வாரத்தில் முடிந்துவிட்டது. கிழக்கே, இன்றைய வங்கதேசத்தில், நம்மிடம் சரணடைந்த பாகிஸ்தான் தரப்பினர் சுமார் 93,000 பேரைப் பிறகு திருப்பி அனுப்பினோம். நம்மவர்களில் 54 பேர் பாகிஸ்தான் சிறைகளில் இருப்பதாக நம்பி, அவர்கள் குடும்பங்கள் இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. 2007-ல் உறவினர்கள் சிலர் அந்தச் சிறைகளுக்கே போய்த் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். போர்க் கைதிகள் உட்பட 83 படைவீரர்கள் அங்கே இருப்பதாக நம் அரசு நாடாளுமன்றத்தில் சொல்கிறது. அப்படி யாருமே இல்லை என்கிறது அந்தப் பக்கம். பிடிபட்டவனை, முகாமுக்கு வந்த ஒரு வாரத்துக்குள் வீட்டுக்கு அட்டை எழுத விட வேண்டும் என்பது 1949 ஜெனீவா ஒப்பந்தம். எழுதிய அட்டை எங்கே, எழுதியவன் எங்கே? கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம்.

சிங்காரப்பேட்டைப் பக்கம் ஓர் அம்மா இருந்தார். பெயர் வேண்டாம். அந்தப் போரில் கணவர் காணாமல் போனார். உடல் வரவில்லை, பெட்டி மட்டும் வந்தது. ஊர்க்காரர்கள் தாலியை எடுக்கச் சொன்னார்கள். "நீங்க பார்த்தீங்களா?" என்று கேட்டார் அந்த அம்மா. ஒருவரும் வாய் திறக்கவில்லை. வருஷங்கள் போயின. ரேஷன் கார்டு புதுப்பிக்கும் நாள் வந்தது. கார்டில் முதல் பெயர் கணவருடையது. எழுத்தர், "ஆள் இல்லாத பேருக்கு அரிசி எப்படிம்மா?" என்று அடிக்கப் பேனாவை எடுத்தார். அந்த அம்மா கார்டின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிவிட்டார். "அவர் பங்கு அரிசி எனக்கு வேண்டாஞ் சாமி. பேர் மட்டும் இருக்கட்டும்." பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் சும்மா இருப்பார்களா? "விடுங்க சார், பேரு என்ன சோறா கேக்குது?" என்று ஒரே சத்தம். எழுத்தர் பேனாவை மூடினார். இதே அம்மா வேறோர் அலுவலகத்துக்குப் போனால் அங்கே இறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். ஒரு மேசையில் அந்தக் கணவர் இறந்தவர், இன்னொரு மேசையில் உயிரோடிருப்பவர். அப்புறம் என்ன, கல்லைக் கண்டால் நாயைக் காணோம்!

ஏழாண்டு சேதி இல்லாதவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்று சாட்சியச் சட்டம் சொல்கிறது. அதை விரித்துச் சொல்ல நேரமில்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

நான் எந்த மேடையில் ஏறினாலும் நடுகல்லில்தான் இறங்குவேன் என்று கர்னல் ஐயா கேலி செய்வார். இறங்கத்தான் போகிறேன். இது அதியமான் ஆண்ட மண். மாடு மீட்கப் போய் மாண்டவனுக்குக்கூட, எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டில் பட்டான் என்று எழுதிக் கல் நட்ட மண். இங்கிருந்து கிழக்கே எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று இருக்கிறது. அதில் வீரனுக்குப் பக்கத்தில் நாயும் நிற்கிறது. கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் காத்த கோவிவன் என்று அதன் பெயரையே வெட்டியிருக்கிறார்கள். அங்கே மட்டும் கல்லையும் காணலாம், நாயையும் காணலாம்! பல்லவர் காலத்து நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. 1971-ல் பக்கத்து ஊரிலிருந்து போனவர் பெயர் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியாது. இருக்கிற கற்களையாவது காப்பாற்றுகிறோமா? ஏரிக்கரையில் அதன்மேல்தான் துணி துவைக்கிறோம்.

அதனால் நமக்கு இரண்டு கோரிக்கைகள். கேட்பாரற்றுக் கிடக்கும் நடுகற்களைக் கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோக வேண்டும், இல்லையென்றால் அதே இடத்தில் வேலி போட வேண்டும். படைக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயரை, உடல் வந்திருந்தாலும் வராவிட்டாலும், அவரவர் ஊரில் கல்லில் வெட்ட வேண்டும். 'இறந்தார்' என்று எழுத வேண்டாம். பெயர், ஊர், போன வருஷம், அவ்வளவு போதும்.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கிறோம். கையெழுத்து நோட்டு வாசலில் தம்பியிடம் இருக்கிறது. வீட்டில் காணாமல் போனவர் யாரேனும் இருந்தால் கடைசிப் பக்கத்தில் அவர் பெயரை எழுதுங்கள், எழுத வராதவர்கள் சொன்னால் தம்பி எழுதிக்கொள்வான். டீ சூடாக இருக்கிறது, குடித்துவிட்டுப் போங்கள்.