இரண்டுக்கு மேல் கூடாது: வீட்டுத் துப்பாக்கிகளில் எது தங்கும்?

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

காலை நேரத்தில் ரேடியோவைப் போட்டால் துப்பாக்கிப் பேச்சா என்று சிலருக்குத் தோன்றலாம். பயப்பட வேண்டாம். சுடுவதைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் பேசப்போவதில்லை. வைத்துக்கொள்வதைப் பற்றியும், அதைவிட முக்கியமாகக் கொடுத்துவிடுவதைப் பற்றியும்தான் பேச்சு. பழைய துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பதும் அவற்றின் வரலாற்றைத் துருவுவதும் எனக்கு நெடுநாள் பைத்தியம். அதனால் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "வீட்டில் மூன்று இருக்கிறது. எதை வைத்துக்கொள்வது, எதை விற்பது?"

இந்தக் கேள்விக்குக் காரணம் சட்டம். 1983-இல் வந்த திருத்தத்தின்படி ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம். 2019 டிசம்பரில் ஆயுதச் சட்டத்தை மறுபடி திருத்தி, அதை இரண்டாகக் குறைத்தார்கள். மசோதாவாக வந்தபோது ஒன்றே ஒன்றுதான் என்றிருந்தது. எதிர்ப்புக் கிளம்பியதால் இரண்டில் வந்து நின்றது. மூன்றாவதை ஓராண்டுக்குள் பக்கத்துக் காவல் நிலையத்திலோ, லைசென்ஸ் உள்ள வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். போட்டிகளில் சுடுகிற விளையாட்டு வீரர்களுக்குத் தனி விலக்கு இருக்கிறது. அதற்குள் நான் போகவில்லை.

அந்த ஓராண்டுக் கெடு 2020 டிசம்பரோடு போய்விட்டது. தொல்லை போகவில்லை. அப்பா காலமாகிறார்; அவரிடம் இரண்டு. மகனிடம் ஏற்கெனவே ஒன்று. கூட்டிப் பாருங்கள். பரம்பரையாக வருகிறதே, அதற்குச் சலுகை கிடையாதா என்று கேட்பார்கள். கிடையாது. தாத்தா சொத்தாக வந்தாலும் கணக்கு இரண்டுதான்.

சரி, எதை வைப்பது? முதலில் எல்லோரும் என்ன செய்வார்கள் தெரியுமா? விலையைப் பார்ப்பார்கள். "இது இங்கிலீஷ் துப்பாக்கி சார், லட்சக்கணக்கில் போகும், இதை எப்படி விடுவது?" என்பார்கள். நம் நாட்டில் வெளிநாட்டுத் துப்பாக்கிக்கு விலை ஏறிக் கிடப்பது உண்மை. 1980-களில் தனியார் இறக்குமதியை நிறுத்தினார்கள். உள்ளே இருப்பது மட்டும்தான் கைமாறிக் கைமாறிச் சுற்றுகிறது. வெளிநாட்டில் யாரும் திரும்பிப் பார்க்காத சாதாரண உருப்படி கூட இங்கே பெரிய விலை சொல்லும். அது தட்டுப்பாட்டின் விலை. தரத்தின் விலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நான் கேட்கிற முதல் கேள்வி வேறு. உங்களுக்குப் பின் இதற்கு லைசென்ஸ் எடுக்கப் போகிறவர் யார்?

நிலம் மாதிரி, நகை மாதிரி துப்பாக்கி தானாக வாரிசுக்குப் போய்ச் சேராது. வாரிசு மனுப் போட வேண்டும், விசாரணைக்கு நிற்க வேண்டும், மாவட்டத்தில் கலெக்டர் ஆபீசுக்கும் சென்னை என்றால் கமிஷனர் ஆபீசுக்கும் நடக்க வேண்டும், வாங்கிய பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். விருப்பமில்லாத பிள்ளை இதையெல்லாம் செய்யாது. செய்யாவிட்டால் நீங்கள் உயிராக வைத்திருந்த துப்பாக்கி எங்கேயோ ஒரு பீரோவில் அட்டைத் துண்டு கட்டித் தொங்கிக்கொண்டிருக்கும். 2016 ஆயுத விதிகளில் ஒரு நல்ல வசதி உண்டு. நிறையப் பேருக்குத் தெரியாது. லைசென்ஸ்தாரருக்கு எழுபது வயது ஆகிவிட்டாலோ, அந்தத் துப்பாக்கியை இருபத்தைந்து வருஷம் வைத்திருந்துவிட்டாலோ, எது முந்தியோ அப்போது, உயிரோடு இருக்கும்போதே தன் வாரிசு ஒருவருக்கு மாற்றித்தர விண்ணப்பிக்கலாம். சாகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. எழுபதைத் தாண்டியவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவர் கதையைச் சொன்னால் விளங்கும். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருப்பவர். எழுபதைத் தாண்டியவர். அவரிடம் மூன்று. ஒன்று, அவர் அப்பாவின் இரட்டைக்குழல், பன்னிரண்டு போர். 'போர்' என்பது குழலின் அளவு. இரண்டாவது, அவரே வாங்கிய இச்சாப்பூர் ரைபிள், பாயிண்ட் மூன்று ஒன்று ஐந்து. மூன்றாவது, தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கி. குழலின் வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கிற ரகம். கெடு முடிய ஒரு மாதம் இருக்கும்போது கூப்பிட்டார். போனால், முடிவெல்லாம் எடுத்தாயிற்று. நாட்டுத் துப்பாக்கியைக் கொடுத்துவிடுவது, மற்ற இரண்டையும் வைத்துக்கொள்வது. "அந்த இரும்புக் குழாயை யார் கேட்பார்கள்?" என்கிறார். இரட்டைக்குழலை மடியில் வைத்துக்கொண்டு தடவித் தடவிக் காட்டுகிறார். குழலின் மேல் பட்டையில் "பி. ஓர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ்" என்று எழுத்து. "நம்ம மவுண்ட் ரோட்டில் செய்தது" என்று பெருமை வேறு.

முதலில் ஒரு விஷயம். யார் என்ன சொன்னாலும், பூட்டியே கிடந்தது என்று சத்தியம் செய்தாலும், துப்பாக்கியைக் கையில் வாங்கியவுடன் திறந்து, உள்ளே காலியா என்று கண்ணால் பார்க்க வேண்டும். இரட்டைக்குழல் என்றால் தோட்டா உட்காரும் இரண்டு அறையையும். நாட்டுத் துப்பாக்கி என்றால் கெட்டிக்கிற கம்பியை உள்ளே விட்டு, அது அடிவரை போகிறதா என்று வெளியே வைத்து அளந்து பார்க்க வேண்டும். தாத்தா கெட்டித்த மருந்து பேரன் காலத்திலும் உள்ளே உட்கார்ந்திருக்கும். வெடிக்கவும் செய்யும்.

காலி என்று பார்த்தாயிற்று. அடுத்து, முன்கட்டையைக் கழற்றி, இரண்டு குழலையும் தனியாகப் பிரித்தேன். மூடியிருக்கும்போது கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில்தான் துப்பாக்கியின் ஜாதகம் இருக்கிறது. அங்கே பொடிப்பொடியாகச் சில முத்திரைகள். அவை பர்மிங்காம் சோதனைச் சாலையின் முத்திரைகள். 1813-இல் தொடங்கிய சாலை அது. குழலில் அதிக மருந்து போட்டு வெடித்துப் பார்த்து, தாங்கினால் முத்திரை குத்துவார்கள். மேலே எழுதியிருந்தது விற்ற கடையின் பெயர். செய்த ஊர் பர்மிங்காம். இது நிறைய வீடுகளில் நடக்கிற குழப்பம். அந்தக் காலத்தில் கடைக்காரர் தன் பெயரைப் பொறித்தே தருவித்து விற்றார்.

அப்புறம் என் செல்லப் பரீட்சை. ரேடியோவில் படம் காட்ட முடியாது, ஆனால் இது காதுக்கான பரீட்சை. குழல்களின் அடியில் கொக்கி மாதிரி ஒரு துண்டு துருத்திக்கொண்டிருக்கும். அதில் ஒரு நூலைக் கட்டி ஒரு விரலில் தொங்கவிட வேண்டும். மறு கையின் விரல் கணுவால் லேசாக ஒரு தட்டு. நல்ல குழல் என்றால் கோயில் மணி மாதிரி "ணங்ங்" என்று இழுத்து ஓயும். இவருடையது "டொக், ஜ்ர்ர்" என்றது. இரண்டு குழலையும் சேர்த்துப் பற்ற வைத்திருக்கும் பட்டை உள்ளே விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். அந்த இடைவெளிக்குள் எத்தனை வருஷத்து ஈரம் உட்கார்ந்து அரித்திருக்கிறதோ!

இன்னொன்றும் இருந்தது. குழலின் மேல் சுருள் சுருளாக, தண்ணீரில் எண்ணெய் விட்டது போல ஒரு கோலம். டமாஸ்கஸ் குழல். இரும்பையும் எஃகையும் முறுக்கி, சுற்றி, அடித்து ஒட்டியது. பார்க்க அழகு, எனக்கே விட மனசு வராது. ஆனால் இவருடைய குழலில் இருந்தவை பழைய காலத்துக் கரிமருந்துக்குச் சோதித்த முத்திரைகள் மட்டும். இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவை அதில் போடக்கூடாது, அந்த அழுத்தத்தைக் குழல் தாங்கும் என்று சொல்ல முடியாது. அறையின் நீளமும் இரண்டரை அங்குலம்தான். இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் இரண்டே முக்கால். அதுவும் உள்ளே சமர்த்தாகப் போய் உட்காரும், அதுதான் ஆபத்து. வெடித்தவுடன் தோட்டாவின் மடிந்த வாய் விரியும், விரிய இடமில்லாமல் குழலின் குறுகலில் போய் நெரியும், அழுத்தம் ஏறும். போகிறது என்பதாலேயே பொருந்துகிறது என்று நினைக்கக் கூடாது.

இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவர் மகள் உள்ளே வந்தார். தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான். நான் என் வழக்கமான கேள்வியைக் கேட்டேன்: உங்களுக்குப் பின் லைசென்ஸ் எடுக்கப் போவது யார்? அவர் மகளைப் பார்த்தார். மகள் யோசிக்கவே இல்லை. "நாட்டுத் துப்பாக்கின்னா நான் எடுக்கிறேன்பா. ரைபிளும் சரிதான். அந்த இரட்டைக்குழல் உங்களுக்காக இருக்கிறது, எனக்கு அது வேண்டாம்" என்றார்.

எனக்கு ஆச்சரியம். ஏன் என்று கேட்டால், "நாட்டுத் துப்பாக்கியைச் சின்ன வயசிலிருந்து தாத்தாவோடு நான்தான் கழுவுவேன்" என்கிறார். கரிமருந்துக் கசடு சுடுதண்ணீருக்குக் கரைந்துவிடும். கழுவி, ஈரம் போகத் துடைத்து, சூடு ஆறுவதற்குள் எண்ணெய் தடவ வேண்டும். அந்த வேலை அவர் கைக்குப் பழகியிருக்கிறது. இன்னொன்றும் சொன்னார். பயிர்க்காவலுக்கு வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி என்று சட்டத்திலேயே தனியாக இடம் இருக்கிறது. தோட்டம் இருக்கிறவரை அதற்கு ஒரு காரணமும் இருக்கும். காரணம் என்றால், சத்தம் போட்டு விரட்டத்தான். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இஷ்டத்துக்கு வேட்டை என்ற பேச்சே இல்லை. அதைக் கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள், அதனால் சொல்லி வைக்கிறேன்.

பெரியவருக்கு ஒரு வாரம் சரியாகப் பேச்சில்லை. பிறகு இரட்டைக்குழலை வியாபாரியிடம் ஒப்படைத்தார், குறைகளையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு. அது எனக்குப் பிடித்தது.

ஆக, விலையை அப்புறம் பாருங்கள். யார் லைசென்ஸ் எடுப்பார்கள், யார் துடைப்பார்கள், இன்றைய தோட்டாவை அது தாங்குமா, இந்த வரிசையில் பாருங்கள். நானாக இருந்தால் இன்னொன்றையும் பார்ப்பேன்: கட்டை தோளுக்குப் பொருந்துகிறதா என்று. காலியா என்று பார்த்துவிட்டு, மறுபடி சொல்கிறேன், காலியா என்று பார்த்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி, கண்ணை மூடிக்கொண்டு தோளில் வையுங்கள். கண்ணைத் திறந்தால் குழல் முனையில் குறி பார்க்க இருக்கும் சின்ன மணி நேராகக் கண்ணுக்கு வர வேண்டும். கழுத்தை நீட்டித் தேட வேண்டியிருந்தால், அது வேறு யாருக்கோ அளவெடுத்துச் செய்தது.

விற்பதென்று முடிவு செய்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பளபளப்பாக்காதீர்கள்! உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, புதுச் சாயம் ஏற்றுவது, கட்டைக்கு வார்னிஷ் அடிப்பது எல்லாமே மதிப்பைக் குறைக்கும். முத்திரை மழுங்கிவிடும், எண் மழுங்கிவிடும். எண் மழுங்கினால் அது மதிப்புப் பிரச்சினையோடு நிற்காது, போலீஸ் பிரச்சினையாகிவிடும். ஆயுத பூஜைக்குச் சந்தனப் பொட்டு வைப்பவர்கள் அன்று ராத்திரியே துடைத்துவிடுங்கள். பொட்டு வைத்த இடத்தில் வட்டமாக ஒரு துருத் தழும்பு. அதைப் பார்த்தாலே பக்தியான வீட்டுத் துப்பாக்கி என்று சொல்லிவிடலாம். தோல் பெட்டியிலும் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்துக் குழலுக்குக் கொடுக்கும். தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள் அல்லவா, அப்போது உள்ளேயும் வெளியேயும் கனமாக கிரீஸ் தடவிக் கொடுங்கள். ரசீதில் எண் சரியா என்று அங்கேயே நின்று பாருங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விரல் காட்டுகிறார்கள். விற்கிற முறையை விரிவாகச் சொல்ல நினைத்தேன், முடியாது போலிருக்கிறது. வேகமாகச் சொல்கிறேன்.

வாங்குகிறவரிடம் லைசென்ஸ் இருக்க வேண்டும், அந்த லைசென்ஸில் அந்த ரகத்துக்கு இடமும் இருக்க வேண்டும். இருபத்தொரு வயது ஆகியிருக்க வேண்டும். தனியாருக்கு விற்பதானால் கலெக்டருக்கோ பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, நாற்பத்தைந்து நாள் கழிந்த பிறகுதான் கைமாற்ற வேண்டும். முன்பணம் வாங்கிக்கொண்டு துப்பாக்கியை முன்னால் கொடுத்துவிடாதீர்கள். அவசரம் என்றால் லைசென்ஸ் உள்ள வியாபாரியிடம் போங்கள். விலை குறையும், தலைவலியும் குறையும். கொடுத்த கையோடு உங்கள் லைசென்ஸ் புத்தகத்தில் அந்தப் பதிவை அடிக்கச் சொல்லுங்கள். அந்த ரகத்துக்கு வைத்திருந்த மிச்சத் தோட்டாக்கள் அலமாரியில் கிடந்தால் அவற்றையும் சேர்த்து ஒப்படையுங்கள். துப்பாக்கி போன பிறகு தோட்டா மட்டும் வீட்டில் இருக்கக் கூடாது. நூறு வயது தாண்டிய உருப்படி என்றால் தொல்பொருள் சட்டமும் குறுக்கே வரும், வெளிநாட்டுக்கு அனுப்புவதெல்லாம் நடக்காது. அதை... சரி, ஒரு விரல் ஆகிவிட்டது. வணக்கம்.