பழைய செஸ்னா விமானத்தின் ரேடியோவுக்கு எந்தக் காற்று நல்லது?

வணக்கம். விடுமுறைக்கு ஹட்டனுக்கு வந்திருக்கிறேன். காலை பத்து மணியாகியும் எதிரே இருக்கும் தேயிலை மலை தெரியாத அளவுக்கு மூடுபனி இறங்கியிருக்கிறது. இன்று நான் பேசப் போவதும் ஒரு வகையில் இந்தப் பனியைப் பற்றித்தான்.

கொழும்புக்கு அருகே உள்ள இரத்மலானையில் சிறிய விமானங்களின் ரேடியோ, ராடாருக்குப் பதில் சைகை அனுப்பும் ட்ரான்ஸ்பொண்டர் போன்ற கருவிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். இயங்கும்போது இவை சூடாகும், காற்று பட்டுக் குளிர வேண்டும். மலைநாட்டுக்கு மேலே குளிர்தானே, அங்கே கருவி எப்படிச் சூடாகும் என்று பலர் கேட்கிறார்கள். 8,000 அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுவதால், அதே அளவு காற்று அங்கே குறைவான வெப்பத்தையே அள்ளிச் செல்லும். கருவிகளோ இடைவெளியின்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதால், நடுவில் இருப்பது மேலும் கீழும் உள்ளவற்றின் சூட்டையும் சேர்த்தே தாங்குகிறது. புறப்படுவதற்கு முன்பே, வெயிலில் நிறுத்திய விமானத்தின் முன்கண்ணாடிக்குக் கீழே அவை நன்றாக வெந்துபோயிருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

பழைய விமானங்கள் பலவற்றில் இதற்கு ஓர் எளிய ஏற்பாடு உண்டு: வெளியே ஒரு சிறு காற்றுவாய், அதிலிருந்து ரேடியோ அடுக்குக்கு ஒரு நெளிகுழாய். பறக்கும் வேகத்தில் காற்று தானாகவே உள்ளே வரும், செலவும் இல்லை. ஆனால் தரையில் நிற்கும்போது, அதாவது கருவி அதிகம் சூடாகும் நேரத்தில், அது பயன்படாது. அதைவிட மோசம், மழையும் மேகமும் அதே வழியாக உள்ளே வருவது. 1970களில் செய்த ஒரு செஸ்னா 172இன் ரேடியோ மலைப்பக்கம் போய்வரும்போதெல்லாம் கரகரத்தது. கழற்றிப் பார்த்தபோது இணைப்பு ஊசிகளில் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. நான் அதுவரை இரண்டு முறை ஒலிவாங்கியைத்தான் மாற்றியிருந்தேன் என்பதை வெட்கத்துடன் சொல்கிறேன்.

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த என் அப்பாவிடம் இதைச் சொன்னேன். "பனி நாளில் வெளிக்காற்றை அப்படியே கொழுந்துக்கு விட்டால் அது வாடுமா? சூடேற்றித்தானே அனுப்புவோம்?" என்றார். காற்று குளிர்ந்திருப்பதைவிட உலர்ந்திருப்பதே முக்கியம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆகவே நான் இப்போது பரிந்துரைப்பது, விமான அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்து, தனித்தனிக் குழாய்களால் ஒவ்வொரு கருவிக்கும் ஊதும் சிறிய மின்விசிறி. ரேடியோக்களுக்கு மின்சாரம் தரும் அதே ஆளியோடு அதை இணைத்தால், அவை இயங்கும்போதெல்லாம் அதுவும் சுழலும். பழைய காற்றுவாயை அடைப்பதையும் விசிறி பொருத்துவதையும் உரிமம் பெற்ற பொறியியலாளரைக் கொண்டு செய்வித்து, விமானத்தின் பதிவேட்டில் எழுதிவையுங்கள். அதன்பின் ஒவ்வொரு முறையும் எஞ்சினை இயக்குவதற்கு முன் ஆளியைப் போட்டுவிட்டு ஒரு கணம் காது கொடுங்கள். எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டால், விசிறி நின்றிருந்தாலும் உங்களுக்குக் கேட்காது.