செருப்புப் பணமும் கணக்கப்பிள்ளை சம்பளமும்

நேயர்களுக்கு வணக்கம்.

தூத்துக்குடியிலிருந்து தெற்கே கடலோரமாகப் போனால் ஊருக்கு ஊர் ஒரே அமைப்புதான். முதலில் மாதா கோயில் கோபுரம் தெரியும். கொஞ்சம் தள்ளி ஒரு பள்ளிக்கூடம், முகப்பில் ‘ஆர்.சி.’ என்று இரண்டெழுத்து, ரோமன் கத்தோலிக்கம் என்பதன் சுருக்கம். அப்படி ஒன்றில்தான் நான் படித்தேன். அப்புறம் அப்படி ஒன்றிலேயே வாத்தியாராக இருந்து ஓய்வும் பெற்றேன். பங்குச் சாமியார்தான் எங்களுக்குத் தாளாளர். இந்தப் பள்ளிகளின் வரலாறு என்றால் எல்லோரும் புனிதர்களையும் ஆயர்களையும் சொல்வார்கள். எனக்கு முதலில் தோன்றுகிற கேள்வி வேறு: வாத்தியாருக்குச் சம்பளம் யார் கொடுத்தார்கள்? வாத்தியார் புத்தி, விடுங்கள்.

1542இல் சேசு சபைக் குரு பிரான்சிஸ் சவேரியார் எங்கள் கரையான முத்துக்குளித்துறைக்கு வந்தபோது பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்று ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது. ஆனால் செபம் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. இவருக்கோ தமிழ் தெரியாது. தமிழும் போர்ச்சுக்கீசியமும் ஓரளவு தெரிந்தவர்களைக் கூட்டிவைத்துச் செபங்களைத் தமிழில் ஆக்கி, உருப்போட்டார். பிறகு கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்த்தார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவரே இதைச் சொல்கிறார். கற்றதை வீட்டில் தாய் தகப்பனுக்கும் அண்டை அயலாருக்கும் பிள்ளைகள் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதுதான் அன்றைய வீட்டுப்பாடம்.

அதே வருடம் தன் கூட்டாளி மன்சிலாசுக்கு அவர் ஒரு திருத்தம் எழுதி அனுப்பினார். விசுவாச மந்திரத்தில் ‘நம்புகிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்று போட்டுவிட்டிருந்தார்கள். கடவுளை நம்புகிறேன் என்று சொல்ல நினைத்து, கடவுள் எனக்கு வேணும் என்று கரையெல்லாம் பிள்ளைகள் ராகம் போட்டிருக்கின்றன! ‘வேணும்’ என்பதை எடுத்துவிட்டு ‘விசுவாசம்’ என்று போடச் சொல்கிறார் சவேரியார். சிவப்பு மையில் நோட்டுத் திருத்திய எவனுக்கும் அந்தக் கடிதத்தைப் படித்தால் சிரிப்பு வரும். என்னைக் கேட்டால், பழைய வாசகத்திலும் பெரிய பிழை இல்லை.

சரி, சம்பளத்துக்கு வருகிறேன். சவேரியாரால் ஓரிடத்தில் தங்க முடியாது. அதனால் ஊருக்கொரு கணக்கப்பிள்ளையை நியமித்தார். செபம் சொல்லிக்கொடுப்பது, கோயிலைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவர் பொறுப்பு. கூலிக்கு எங்கே போவது? இந்தக் கரையிலிருந்து போர்ச்சுக்கல் அரசி கத்தரீனாளின் காலணிச் செலவுக்கென்று வருடம் 4,000 பொற்பணம் போய்க்கொண்டிருந்தது. அதை இந்த வாத்தியார்களுக்குத் தந்துவிடுங்கள் என்று அரசிக்கே எழுதிக் கேட்டார் சவேரியார். சொர்க்கத்துக்கு ஏறிப் போக இந்தப் பிள்ளைகளைவிட நல்ல காலணி உங்களுக்குக் கிடைக்காது என்கிற பாணியில் அந்த வேண்டுகோள் இருந்தது. முத்துக்குளித்த காசு ஒரு ராணியின் செருப்புக்குப் போய், அங்கிருந்து வாத்தியார் மடிக்குத் திரும்பி வந்த கதை இது.

அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் தமிழை ஒழுங்காகக் கற்றார். 1578இல் கொல்லத்தில் அவர் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கம். தமிழ் எழுத்தில் அச்சான அந்த முதல் புத்தகம் ஞானோபதேசப் புத்தகம், அதாவது கிறிஸ்தவ மறைக்கல்விப் புத்தகம். அச்சுக்கூலிக்குப் பணம் திரட்டியவர்கள் பரதவர்களே.

1658இல் புராட்டஸ்டண்டுகளான டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். 1773இல் ரோமாபுரியே சேசு சபையைக் கலைத்தது. 1838இல்தான் சேசு சபைக் குருக்கள் மதுரை மிஷனுக்குத் திரும்பினார்கள். இடையில் மாதக்கணக்கில், சில ஊர்களில் வருடக்கணக்கில், சாமியார் முகமே தெரியாது. அப்போதெல்லாம் மணியடித்தவர் கணக்கப்பிள்ளைதான். கூலி கரையிலிருந்து வந்தது. பாடு, அதாவது கடலில் கிடைக்கிற மீன், நன்றாக இருந்தால் கோயில் பங்கும் நன்றாக இருக்கும். பாடு இல்லாவிட்டால் அவர் வீட்டிலும் அடுப்பு எரியாது. இத்தனை பேரில் ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் பார்க்கலாம். கோயில் சுவர்க் கல்வெட்டுகளில் நான் தேடியிருக்கிறேன். மணி வாங்கிக் கொடுத்தவர் பெயர் இருக்கிறது, அடித்தவர் பெயர் இல்லை.

1854இல் வந்த கல்வி அறிக்கைக்குப் பிறகு சர்க்கார் மானியம் கிடைக்கத் தொடங்கியது. செபம் சொல்லிக்கொடுத்த திண்ணை, வாய்ப்பாடும் பூகோளமும் நடத்துகிற வகுப்பாக மாறியது. சென்னை மாகாணத்தில் ஒரு காலம் பரீட்சை முடிவைப் பார்த்துத்தான் மானியம். இன்ஸ்பெக்டர் வருகிற அன்று ஒரு பையன் கடலுக்குப் போய்விட்டால் வாத்தியாருக்குக் காசு குறையும். பிற்பாடு உதவிபெறும் பள்ளி ஆசிரியர் சம்பளத்தை அரசே ஏற்றுக்கொண்டது. எனக்கு அரசுச் சம்பளம், கோயில் மணி. ஞானோபதேச வகுப்புக்குக் கத்தோலிக்கப் பிள்ளைகள் ஒரு பக்கம் போவார்கள், மற்றவர்கள் நீதிபோதனைக்கு இன்னொரு பக்கம்.

எங்கள் பாட்டி பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். அவருக்குச் செபமெல்லாம் அவருடைய அண்ணன் சொல்லிக்கொடுத்தது. அந்த அண்ணன் மூன்றாவது வரை படித்தவராம். விசுவாச மந்திரத்தில் ‘போஞ்சு பிலாத்தின் அதிகாரத்தில் பாடுபட்டு’ என்று வரும், இயேசுவுக்குத் தீர்ப்புச் சொன்ன ரோம ஆளுநரின் பெயர் அது. பாட்டி ‘பஞ்சுப் பிலாத்து’ என்பார். நான்காவது படிக்கும்போது ஒரு ராத்திரி செபத்துக்கு நடுவே நிறுத்தித் திருத்தினேன். பாட்டி செபமாலையைக் கையிலிருந்து எடுக்காமலே என்னைப் பார்த்தார்.

“எங்கண்ணன் பஞ்சுன்னுதான் சொன்னான். நீ மேல சொல்லு.”

சொன்னேன். கடைசி வரை அது எங்கள் வீட்டில் பஞ்சுப் பிலாத்துதான்.

வணக்கம்.