கோடை விடுமுறையும் ஊர்த் தண்ணீரும்

எல்லாருக்கும் வணக்கம். இன்னும் இரண்டு நாளில் முழுப் பரீட்சை முடிகிறது. அப்புறம் பள்ளி திறக்கும் வரை பிள்ளைகள் நம் பொறுப்பு. வெயிலைப் பற்றிப் பேசத்தான் என்னை அழைத்தார்கள். அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது.

உச்சி வெயிலில் விளையாட விடாதீர்கள். தாகம் என்று பிள்ளை கேட்கும் முன்பே நீராகாரம், மோர், நுங்கு என்று ஏதாவது கொடுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இலவசமாகவே கிடைக்கும். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரே தடவையில் ஒரு லிட்டர் நீரில் கரையுங்கள். தம்ளருக்குக் கொஞ்சம் என்று பிரித்துப் போடக் கூடாது. உடம்பு அனலாகக் கொதித்து, பிள்ளை உளறினால் நிழலுக்குத் தூக்கிப் போய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். மயங்கிய பிள்ளையின் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம்.

சரி, என் கவலைக்கு வருகிறேன். வெயில் ஏற ஏறப் பிள்ளைகள் தேடிப் போவது தண்ணீரைத்தான். ஏப்ரல், மே மாதச் செய்தித்தாளைப் புரட்டுங்கள். குளிக்கப் போன சிறுவர்கள் இரண்டு பேர், மூன்று பேர் என்று சேர்ந்தே போயிருப்பார்கள். ஒருவன் வழுக்கி விழ, கைகொடுக்கப் போனவனும் மூழ்கியிருப்பான். 2021-இல் உலகம் முழுக்க நீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் 5 வயது நிரம்பாத குழந்தை. அந்த வயதுக்கு ஏரி கூட வேண்டாம், மூடாத தொட்டியும் நிறைந்த வாளியும் போதும்.

நாம் சின்ன வயதில் குளித்த ஏரி என்று நம்பி அனுப்பாதீர்கள். அன்று கரையிலிருந்து மெல்ல மெல்ல ஆழம் கூடும். இன்று பொக்லைன் வைத்து மண் அள்ளிய குழிகள் உள்ளே கிடக்கின்றன. முழங்கால் நீரில் நடக்கிற பிள்ளைக்கு அடுத்த அடி ஆளுயரப் பள்ளம். கைவிட்ட கல்குவாரியோ இன்னும் மோசம். சுற்றிலும் செங்குத்துப் பாறை, கால் ஊன்ற இடமில்லை. மூழ்குகிறவர் கத்துவார் என்றும் காத்திருக்காதீர்கள். வாய் நீருக்கு மேல் வரும் நொடி மூச்சு இழுக்கவே பத்தாது. பக்கத்துப் படித்துறையில் துவைப்பவருக்குக்கூடக் கேட்காது.

போகாதே என்று மட்டும் சொன்னால் ஒளிந்து போவார்கள். அதனால் நீச்சல் கற்றுக்கொடுங்கள். இடுப்பில் கயிறும் முதுகில் சுரைக்குடுக்கையும் கட்டி, பெரியவர்கள் கூடவே இறங்கிப் பழக்கிய ஊர்கள்தானே நம்முடையவை? பெண் பிள்ளைகளுக்கும் கட்டாயம் கற்றுக்கொடுங்கள். நீச்சல் தெரிந்த பிள்ளையையும் தனியே விடாதீர்கள்.

யாராவது தத்தளித்தால் குதிக்காமல், எதையாவது வீசுங்கள், நீட்டுங்கள். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் நான்கு இளைஞர்கள் மூழ்கியபோது, அங்கிருந்த மூன்று பெண்கள் உடுத்தியிருந்த சேலையை அவிழ்த்து வீசி இரண்டு பேரை மீட்டார்கள். அந்தத் தாய்மாருக்குக் கல்பனா சாவ்லா விருது கிடைத்தது. அந்த நேரத்தில் மானத்தைவிட உயிரைப் பெரிதாக நினைத்தார்களே, அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கண் கலங்குகிறது.

தூக்கி வந்த பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றாதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள். அதனால் பொன்னான நிமிடங்கள்தான் போகும். மூச்சில்லை என்றால் உடனே வாயோடு வாய் வைத்து ஊதுங்கள், நெஞ்சின் நடுவே அழுத்துங்கள். 108 வரும் வரை நிறுத்தாதீர்கள்.

மே 1 அன்று கிராம சபை கூடுகிறது. தலைவரும் இந்த மேடையில் இருக்கிறார். ஏரிக்கரையில் ஒரு நீளக் கயிறும் மூடி இறுக்கிய காலி கேன்களும் எப்போதும் தொங்க வேண்டும், குவாரியைச் சுற்றி வேலி வர வேண்டும், மண் எடுத்த குழிகளில் சிவப்புக் கொடி நட வேண்டும். இதைத் தீர்மானமாகவே எழுதிக் கொண்டுவருகிறேன். நீங்கள் எல்லாரும் வந்து கையெழுத்துப் போடுங்கள்.