அந்துருண்டை வாசமும் ஒரு விளக்குக் கம்பமும்

(கோத்தகிரியில் நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் பள்ளி ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். இந்த மூட்டத்திலும் மினி பஸ் பிடித்து வந்திருக்கும் பெற்றோருக்கும், முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் தனி வணக்கம். நூலக வாரத்துக்கு ஏதாவது பேசுங்கள் என்று கூப்பிட்டார்கள். வாசிப்பின் பயன்களைப் பற்றி நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். நான் வேறொன்று சொல்கிறேன். என் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, நார்னியா என்ற மாயாஜாலக் கதைத் தொடரைத் தன் வகுப்புக்கு அறிமுகம் செய்த விதம்.

முதல் தடவை அது சரியாக வரவில்லை. காரணம் நான்தான். எழுதியவர் பிறந்த ஆண்டு, பாத்திரங்கள், கதைச்சுருக்கம் எல்லாம் வரிசையாக வர வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். அவளும் இருபது ஸ்லைடு தயார் செய்தாள். பதினைந்து நிமிடத்தில் ஏழு புத்தகத்தின் கதையும் ஓடி முடிந்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், "கடைசில யாரு ஜெயிச்சா?" என்று கேட்டான். அதையும் சொல்லிவிட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். மேசைமேல் இருந்த புத்தகத்தை ஒருவரும் தொடவில்லை. எதற்குத் தொட வேண்டும்? அதுதான் முடிந்துவிட்டதே.

அன்று சாயங்காலம் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். "டீச்சர், இன்னொரு தடவை செய்யட்டுமா? இந்தத் தடவ கதை சொல்ல மாட்டேன்."

அவள் எடுத்துக்கொண்டது சி. எஸ். லூயிஸ் எழுதிய நார்னியா தொடர். அதில் முதலில் வந்த புத்தகம், 1950ஆம் ஆண்டின் 'தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்'. போர்க்காலம். குண்டுவீச்சுக்குப் பயந்து லண்டனிலிருந்து நான்கு பிள்ளைகளைக் கிராமத்தில் ஒரு பேராசிரியரின் பெரிய வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். வெளியே விடாத மழை. வீட்டைச் சுற்றிப் பார்க்கும்போது கடைசிப் பெண் லூசி ஒரு பழைய துணி பீரோவைத் திறக்கிறாள். இரண்டு அந்துருண்டைகள் கீழே விழுகின்றன.

அடுத்த வாரம் என் மாணவி ஸ்லைடு கொண்டுவரவில்லை. ஒரு பையும் ஒரு டிபன் பாக்ஸும் கொண்டுவந்தாள். மூன்று பேரைக் கூப்பிட்டு, துண்டால் கண்ணைக் கட்டினாள். பையைத் திறந்ததும் முன் பெஞ்சு வரைக்கும் அந்துருண்டை வாசம் வந்தது. மலையில் இருக்கிற நமக்கு அந்த வாசம் தெரியாதா? பெட்டியில் வைத்த ஸ்வெட்டரைக் குளிருக்கு வெளியே எடுக்கும் நாளின் வாசம். பாட்டியின் பழைய கம்பளிக் கோட்டுக்குள் அவர்கள் கையை விடச் சொன்னாள். "உள்ள போங்க. இன்னும் உள்ள போங்க. பீரோவோட பின்பலகை இன்னும் வரல." பிறகு கையைப் பிடித்து டிபன் பாக்ஸுக்குள் வைத்தாள். பேக்கரியில் கேட்டு வாங்கி நொறுக்கிய ஐஸ். ஒருத்தி கையை உதறினாள். "அந்துருண்டையா?" என்று இவள் கேட்க, "இல்ல, உறைபனி!" என்று பதில் வந்தது. ஜனவரியில் புல்லின்மேல் வெறுங்காலை வைத்துப் பார்த்த பிள்ளை அது. கடைசியாக ஒரு சைப்ரஸ் கிளை, முகத்தில் லேசாக உரசிற்று.

புத்தகத்தில் இருப்பதும் இதே வரிசைதான். கோட்டுகள், காலடியில் நொறுங்கும் ஏதோ ஒன்று, சில்லென்ற தூள், அப்புறம் குத்தும் மரக்கிளைகள். தான் எங்கே வந்திருக்கிறோம் என்பது லூசிக்குக் கண்ணால் தெரியும் முன்பே கையாலும் காலாலும் தெரிகிறது. லூயிஸ் எழுதியதன் உயிர் அதில்தான் இருக்கிறது. என் மாணவி அதைக் கண்டுபிடித்தாள். நான் கண்டுபிடிக்கவில்லை.

அப்புறம் வகுப்பு லைட்டை அணைத்து, மேசைமேல் ஒரு டார்ச்சை நிமிர்த்தி வைத்தாள். "நடுக் காடு. பனி கொட்டுது. ஆளே இல்ல, ஆனா ஒரு தெருவிளக்கு எரியுது. பின்னாடி பீரோ கதவு திறந்தேதான் இருக்கு. முன்னால போவீங்களா, திரும்பிடுவீங்களா?" வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. எஸ்டேட் லைனிலிருந்து வரும் பையன் ஒருவன், "ராத்திரில வெளிய வந்தா நாங்க முதல்ல கரடி நிக்குதான்னுதான் பாப்போம்" என்றான். இன்னொருத்தி, "விளக்கு எரியுதுன்னா ஏத்துனது யாரு?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி வந்ததும் இவள் புத்தகத்தைத் திறந்து, லூசியை நோக்கி யாரோ நடந்துவரும் சத்தம் கேட்கும் வரை ஆங்கிலத்தில் வாசித்தாள். வாசித்துவிட்டு மூடிவிட்டாள். இருந்தது ஒரே ஒரு பிரதி. யாருக்குப் பிறகு யார் என்று பெயர் எழுத ஒரு தாள் ஒட்ட வேண்டியதாயிற்று.

"ஏழு புத்தகமா?" என்று மலைக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எந்தக் கதையிலும் முதல் ஐம்பது பக்கம்தான் கஷ்டம். யார் யார், எந்த ஊர், அங்கே என்ன வழக்கம் என்று எல்லாம் புதிது. தொடரில் அந்தக் கஷ்டம் பெரும்பாலும் ஒரே தடவைதான். இரண்டாம் புத்தகத்தைத் திறக்கும்போது தெரிந்த வீட்டுக்குள் போவதுபோலப் போகலாம். மெதுவாக வாசிக்கிற பிள்ளைக்குத் தொடரைப் போல் நல்ல துணை இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எந்த வரிசையில் வாசிப்பது என்றும் வகுப்பில் சண்டை வந்தது. கதையின் காலப்படி முதலில் வரவேண்டிய 'தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ', 1955இல் ஆறாவதாகத்தான் வெளிவந்தது. காலப்படி வாசிப்பதே நல்லது என்று ஒரு சிறுவனுக்கு லூயிஸே கடிதம் எழுதியிருக்கிறார். இருந்தாலும் வெளிவந்த வரிசைதான் சரி என்பது என் கட்சி. அந்த விளக்குக் கம்பம் ஏன் அங்கே நிற்கிறது என்ற விடை அந்த ஆறாவது புத்தகத்தில் இருக்கிறது. விடையை முதலில் படித்துவிட்டால், பனியில் தனியாக எரியும் அந்த விளக்கைப் பார்த்து எப்படி ஆச்சரியப்படுவது?

மற்ற தொடர்களுக்கும் இப்படி ஒரு வாசல் உண்டு. எழுத்துகள் குதிக்கின்றன என்று சொல்லும் பிள்ளைக்கு பெர்சி ஜாக்சனைக் கொடுங்கள். அந்தக் கதாநாயகனுக்கும் வாசிப்புக் குறைபாடு உண்டு. அப்படியொரு சிரமம் இருந்த தன் மகனுக்கு ராத்திரியில் சொன்ன கதையைத்தான் ரிக் ரியோர்டன் பிறகு புத்தகமாக எழுதினார். டோல்கீன் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்ற தன் பெரிய கதையை வரைபடத்தை வைத்துக்கொண்டு எழுதினார். எங்கள் வகுப்புப் பையன்கள் அதைக் கேட்டதும் பழைய காலண்டரின் பின்பக்கத்தில் நம் ஊரை வரைந்தார்கள். லாங்வுட் சோலைக்குள் யார் குடியிருப்பது, கோடநாடு விளிம்பில் காவல் நிற்பது யார், ரங்கசாமி மலைக்குப் போகும் வழியை யார் மறைத்தது என்று ஒரு பீரியட் முழுக்க வாக்குவாதம்.

நமக்கு இதெல்லாம் புதிதும் இல்லை. விக்கிரமாதித்தன் முதுகில் தொங்கிக்கொண்டு வேதாளம் என்ன செய்கிறது? கதை சொல்கிறது, முடிச்சில் நிறுத்துகிறது, கேள்வி கேட்கிறது. பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகிவிடும் என்கிறது. கேட்பவரைச் சும்மா உட்கார விடாத அந்த வித்தையைத்தான் என் மாணவி டார்ச்சை வைத்துக்கொண்டு செய்தாள். இந்த மலையிலேயே தோடர்களின் பழங்கதை ஒன்று உண்டு. பூமிக்குள்ளிருந்து எருமைகள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. கடைசி எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு முதல் தோட மனிதன் வருகிறான். அந்த வாலை ஒரு கணம் கையில் பிடித்துப் பாருங்கள்.

சரி, நான் பேசியது போதும். அந்த மாணவி அங்கே கதவோரம் பையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். கண்ணைக் கட்டிக்கொள்ள மூன்று பேர் வேண்டும். இந்தத் தடவை பெரியவர்கள் வரட்டும். லைட் ஸ்விட்ச் பக்கத்தில் இருப்பவர் கொஞ்சம் அணைத்துவிடுங்கள்.