குலுக்கலுக்கு முன்னால் ஊர் வீட்டைக் கவனியுங்கள்

வணக்கம் நேயர்களே. புதிய பிடிஓ, அதாவது சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) முன்பதிவு பெற்றுக் கட்டித் தரும் வீடுகளின், விற்பனை அறிவிப்பு வந்துவிட்டால் தேக்கா காப்பிக்கடையில்கூட அதே பேச்சுதான். குயின்ஸ்டவுனா, தெங்காவா? எங்கே கூட்டம் குறைவாக இருக்கும்? விண்ணப்பத்துக்கு உதவி கேட்டு என்னிடம் வரும் இளம் தம்பதிகளும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். நான் பதிலுக்குக் கேட்பது வேறு: "ஊரில் உங்கள் பெயரில் வீடு ஏதாவது இருக்கிறதா?"

பெரும்பாலும் சிரிப்பார்கள். "அதெல்லாம் தாத்தா கட்டிய ஓட்டு வீடு, அண்ணே. பெரியப்பா குடும்பம்தான் இருக்கிறது." சரி, பத்திரத்தில் யார் பெயர்? அப்பா காலமான பிறகு வாரிசுகள் என்று எழுதினார்களே, அதில் உங்கள் பெயர் உண்டா? இப்போது சிரிப்பு நின்றுவிடும்.

வீவகவிடமிருந்து புதிய வீடு வாங்க, சிங்கப்பூரிலோ வெளிநாட்டிலோ தனியார் குடியிருப்புச் சொத்து உங்களுக்கு இருக்கக்கூடாது. விண்ணப்பிப்பதற்கு முந்தைய 30 மாதங்களுக்குள் அப்படி ஒன்றைக் கைமாற்றியிருக்கவும் கூடாது. வாங்கிய வீடு மட்டும் கணக்கில்லை. தானமாக வந்தது, வாரிசுரிமையில் வந்த பங்கு, எல்லாம் சேரும். அண்ணன் பெயருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தாலும், அதற்கப்புறம் 30 மாதம் காத்திருக்க வேண்டும். ஆகவே கல்யாணப் பேச்சு தொடங்கும்போதே இதையும் பேசிவிடுவது நல்லது. ஊர் வீட்டைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று யோசனை சொல்ல நாலு பேர் இருப்பார்கள். கேட்காதீர்கள். பொய்த் தகவல் கொடுத்து வாங்கிய வீட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ள வீவகவுக்கு அதிகாரம் இருக்கிறது.

அடுத்தது துணையின் குடியுரிமை நிலை. நம் சமூகத்தில் ஒருவர் குடிமகன், மற்றவர் தமிழ்நாட்டிலிருந்து வந்த நிரந்தரவாசி என்பது சர்வசாதாரணம். இவர்கள் பிடிஓவுக்குத் தாராளமாக விண்ணப்பிக்கலாம். ஆனால் வீட்டு விலையோடு 10,000 சிங்கப்பூர் வெள்ளி கூடுதலாகக் கட்ட வேண்டும். துணை பின்னாளில் குடியுரிமை பெற்றால், அந்த அளவுக்கு மானியமாகத் திரும்பப் பெற விண்ணப்பிக்கலாம். இருவருமே நிரந்தரவாசிகள் என்றால் புதிய வீடு கிடையாது. இருவரும் நிரந்தரவாசியாகி மூன்று ஆண்டுகள் ஆன பிறகு மறுவிற்பனை வீடு வாங்கலாம், அவ்வளவுதான். குடிமக்களின் துணை நீண்டகால அனுமதி அட்டையில் இருந்தால், ஃபிளெக்ஸி எனப்படும் சிறிய ஈரறை வீட்டுக்கு வழி உண்டு.

இதெல்லாம் தெளிவான பிறகுதான் எச்எஃப்இ கடிதம், அதாவது வீவக வீட்டுத் தகுதிக் கடிதம். 2023 மே மாதத்திலிருந்து இது இல்லாமல் பிடிஓ விண்ணப்பம் போட முடியாது. நீங்கள் வாங்கத் தகுதியானவரா, எவ்வளவு மானியம், வீவக எவ்வளவு கடன் தரும், மூன்றுக்கும் பதில் அந்த ஒரே கடிதத்தில் வந்துவிடும். சிங்பாஸ் என்ற அரசாங்க மின்-அடையாளம் மூலம் விண்ணப்பிக்கலாம். கடிதம் வர ஒரு மாதம்கூட ஆகலாம். விண்ணப்பக் காலமோ ஒரு வாரம்தான். விற்பனை அறிவித்த பிறகு ஓடினால் கதவு மூடியிருக்கும்.

குடும்பத்தின் மாத வருமான உச்சவரம்பு 14,000 வெள்ளி. முதல்முறை வாங்கும் குடும்பத்துக்கு, வருமானம் 9,000 வெள்ளிக்குள் இருந்தால், மேம்படுத்தப்பட்ட மசேநிதி (மத்திய சேமநிதி) வீட்டு மானியம் 120,000 வெள்ளி வரை கிடைக்கும். 2024 ஆகஸ்ட்டில் உயர்த்திய தொகை இது. வருமானம் குறையக் குறைய மானியம் கூடும். ஆனால் இருவரில் ஒருவராவது விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதமும் தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும். வேலையை விட்டுவிட்டு மூன்று மாதம் ஓய்வெடுக்க நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசியுங்கள். டாக்சி ஓட்டுபவர்கள், சொந்தத் தொழில் செய்பவர்கள் வருமான வரி மதிப்பீட்டுக் கடிதத்தைத் தயாராக வைத்திருங்கள்.

இனி குலுக்கல். வீடு தேர்ந்தெடுக்க யார் முன்னால், யார் பின்னால் என்பதை இதுதான் முடிவுசெய்யும். வரிசை எண் வந்ததும் வீட்டு எண்ணிக்கையோடு ஒப்பிட்டுக் கொண்டாடுகிறார்கள். 300 வீடு, என் எண் 200, வீடு உறுதி என்று. நமக்கு இது பாதிக் கணக்குதான். 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி இந்தியர், மற்ற இனத்தவர் இரு பிரிவுக்கும் சேர்த்து ஒரு வட்டாரத்தில் 12 விழுக்காடு, ஒரு புளோக்கில் 15 விழுக்காடு என்று வரம்பு இருக்கிறது. உங்களுக்கு முன்னால் நிற்கும் இந்தியர்கள் அந்த இடங்களை எடுத்துக்கொண்டால், காலி வீடு கண்ணுக்குத் தெரியும், கைக்கு வராது. கொள்கையின் நோக்கத்தில் எனக்குக் குறையில்லை. தெரியாமல் போய் ஏமாறுவதைத்தான் சொல்கிறேன். முன்பதிவு நாட்களில் எந்த இனத்துக்கு எத்தனை வீடு மிச்சம் என்பதை வீவக தளத்திலேயே பார்க்கலாம். கலப்புத் திருமணத் தம்பதிகள் இருவரில் யாருடைய இனத்தின் கீழும் வாங்கலாம்.

"விண்ணப்பக் கட்டணம் பத்து வெள்ளிதானே, சும்மா போட்டுப் பார்ப்போம்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2023 ஆகஸ்ட்டிலிருந்து விதி இறுகிவிட்டது. அழைப்பு வந்தும் வீடு தேர்ந்தெடுக்காத முதல்முறை விண்ணப்பதாரர்கள், ஓராண்டுக்கு இரண்டாம் முறை வாங்குவோர் வரிசைக்குத் தள்ளப்படுவார்கள். மிச்சம் சில வீடுகள்தான் என்ற நிலையில் மறுத்தால் மட்டும் விலக்கு. அதேபோல் நகருக்கு அருகில் என்று, நல்ல இடத்தில் இருப்பதால் கூடுதல் கட்டுப்பாடுகளோடு வரும் பிளஸ், பிரைம் வகை வீடுகளுக்கு ஆசைப்படுபவர்கள், அங்கே விற்பதற்கு முன் குடியிருக்க வேண்டிய குறைந்தபட்ச வசிப்புக் காலம் 10 ஆண்டு என்பதையும், முழு வீட்டையும் எப்போதுமே வாடகைக்கு விட முடியாது என்பதையும் தெரிந்துகொண்டு போடுங்கள். குழந்தை வந்ததும் பெரிய வீட்டுக்கு மாறலாம் என்ற எண்ணமிருந்தால், ஐந்தாண்டு வசிப்பு வரம்புள்ள ஸ்டாண்டர்ட் (சாதாரண வகை) வீடுதான் என் தேர்வு.

தேசிய சேவையில் இருப்பவர்களும் முழுநேர மாணவர்களும் "எங்களுக்கு இன்னும் சம்பளமே இல்லையே" என்கிறார்கள். தம்பதியில் ஒருவர் அந்த நிலையில் இருந்தாலே போதும். வருமான மதிப்பீட்டைச் சாவி வாங்கும் நேரத்துக்குத் தள்ளிப்போடக் கேட்கலாம். தகுதி இருந்தால் முதலில் கட்ட வேண்டியது வீட்டு விலையில் 2.5 விழுக்காடுதான். இதையும் எச்எஃப்இ விண்ணப்பம் போடும் கட்டத்திலேயே பார்த்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.